அகழாய்வுக் குழியில் முதல் முறை இறங்குபவர்களுக்கு

அகழாய்வுக்கு வரும் தன்னார்வலர்களுக்குக் குழியில் வேலை கற்றுக்கொடுப்பது என் பொறுப்பு. மாணவர்கள் வருவார்கள், ஓய்வு பெற்றவர்கள் வருவார்கள், அலுவலகத்தில் விடுப்பு சொல்லிவிட்டு வருபவர்களும் உண்டு. எல்லோருக்கும் ஒரே ஆசைதான்: ஏதாவது கிடைக்க வேண்டும். நல்ல ஆசை, அதை நான் குறை சொல்வதில்லை. ஆனால் முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிடுவேன். குழியில் முதலில் தேட வேண்டியது விளிம்பு. ஒரு மண் எங்கே முடிகிறது, அடுத்த மண் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துகொள்ளாமல் எடுத்த பொருளால் பெரிதாக எதையும் சொல்ல முடியாது. கரண்டி பிடிப்பது, சலிப்பது, பைக்குச் சீட்டு எழுதுவது என்று கீழே வரும் எல்லாமே அந்த விளிம்புக்காகத்தான்.

எங்கே சேர்வது

தானாகப் போய்த் தோண்டிப் பார்க்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். பெரும்பாலான நாடுகளில் அனுமதி இல்லாமல் தொல்லியல் மேட்டில் கை வைப்பது குற்றம். சட்டத்தை விடுங்கள், தோண்டிய இடத்தைப் பழையபடி அடுக்கிவைக்க யாராலும் முடியாது. ஒரு மேட்டை ஒரு தடவைதான் தோண்ட முடியும். அதனால் முறையான அனுமதியோடு பல்கலைக்கழகமோ, அரசுத் துறையோ, அறக்கட்டளையோ நடத்தும் பயிற்சி அகழாய்வாகப் பார்த்துச் சேருங்கள்.

சேருவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை: அனுமதி யார் பெயரில் இருக்கிறது? இந்த இடத்தைத் தோண்டுவதற்கு என்ன காரணம்? கிடைக்கும் பொருள்கள் கடைசியில் எங்கே போகும்? தன்னார்வலர்களைப் பதிவு எழுதவும் வரையவும் விடுவார்களா, இல்லை மண் சுமக்க மட்டும்தானா? இவற்றோடு, இயக்குநர் இதற்கு முன் தோண்டிய இடத்தின் அறிக்கை வெளிவந்ததா என்று விசாரியுங்கள். என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி இதுதான். அறிக்கை எழுதாதவர் தோண்டிய குழி, யாருக்கும் பயன்படாமல் அழிந்த குழி. அப்புறம், ஒரு மேற்பார்வையாளருக்கு எத்தனை பேர் என்றும் கேளுங்கள். ஆறேழு பேருக்கு மேல் ஒருவரால் கவனித்துச் சொல்லித்தர முடியாது.

புதியவர்களை வைத்துத் தோண்டினால் வேலை கெட்டுவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. 1944-ல் மார்ட்டிமர் வீலர் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமைப் பொறுப்புக்கு வந்ததும் முதலில் செய்த வேலைகளில் ஒன்று, தட்சசீலத்தில் ஒரு பயிற்சி அகழாய்வுப் பள்ளி தொடங்கியது. அங்கே பயின்ற இளைஞர்களில் சிலர்தான் பின்னாளில் அந்தத் துறையையே நடத்தினார்கள். இங்கிலாந்தின் வட பகுதியில், ஹேட்ரியன் சுவருக்குப் பக்கத்தில் இருக்கும் விண்டொலாண்டா என்ற ரோமானியக் கோட்டையில் இன்றும் தன்னார்வலர்கள் ஒவ்வோர் ஆண்டும் வந்து தோண்டுகிறார்கள். சொல்லித்தர ஆள் இருந்தால் புதிய கைகள் நன்றாகவே வேலை செய்யும்.

உடம்பும் பையும்

டெட்டனஸ் தடுப்பூசி போட்டு எவ்வளவு நாளாயிற்று என்று பார்த்துக்கொள்ளுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். மோதிரம், வளையல், தொங்கும் சங்கிலி எதுவும் வேண்டாம். அவை கல்லில் மாட்டும் என்பது ஒரு காரணம். கழன்று குழிக்குள் விழுந்தால் பதிவில் குழப்பம் வரும் என்பது இன்னொன்று. விளிம்பு அகன்ற தொப்பி, முழுக்கைச் சட்டை, விரலை மூடிய காலணி, தண்ணீர். முட்டிக்கு ஒரு மெத்தை அட்டை கட்டாயம். இரண்டாம் நாள் கால் வலியில் உட்கார முடியாமல் போவது பெரும்பாலும் இது இல்லாதவர்கள்தான்.

கரண்டியை மட்டும் நல்லதாக வாங்குங்கள். கொத்தனார் கரண்டியிலேயே சின்னது, 4 அங்குல அலகு போதும். அலகும் தண்டும் ஒரே இரும்பில் அடித்ததாக இருக்க வேண்டும். பற்றவைத்தது கெட்டி மண்ணில் முறிந்துவிடும். நாளாக ஆக அலகு தேய்ந்து சிறுக்கும், அதன் பக்கம் கூராகும். அப்படித் தேய்ந்த கரண்டியைத்தான் பழையவர்கள் யாருக்கும் இரவல் கொடுக்க மாட்டார்கள். இதோடு 5 மீட்டர் டேப், பென்சில், அழியாத மை பேனா, சின்னத் தண்ணீர் தெளிப்பான் இருந்தால் போதும். மற்றதெல்லாம் அங்கேயே இருக்கும்.

கரண்டியும் கையும்

குழிக்குள் இறங்கியதும் உடனே சுரண்டத் தொடங்காதீர்கள். வடக்கு எது, குழியின் நான்கு மூலை முளைகளின் எண்கள் என்ன, ஆழத்தை எந்த நிலைப்புள்ளியிலிருந்து அளக்கிறார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்துக் குழிக்கும் உங்கள் குழிக்கும் நடுவே தோண்டாமல் விட்ட மண் சுவர் இருக்கும். அதன் மேல் நடக்கக் கூடாது, உட்காரவும் கூடாது. மேலிருந்து கீழ்வரை எல்லா அடுக்கும் வெட்டுமுகமாகத் தெரிவது அந்தச் சுவரில்தான்.

கரண்டியின் நுனியால் குத்துவது புதியவர்களின் இயல்பு. நுனிக்கு வேலை குறைவு. அலகின் நீண்ட பக்கத்தை மண்ணோடு சற்றே சாய்த்து வைத்து, உங்களை நோக்கி இழுக்க வேண்டும். ஒரு இழுப்பில் சில மில்லிமீட்டர் மண் வந்தால் போதும். குழியின் ஒரு ஓரத்தில் தொடங்கிப் பின்னோக்கி நகர்ந்துகொண்டே வாருங்கள். அப்போதுதான் சுத்தம் செய்த இடத்தை மிதிக்க மாட்டீர்கள். வந்த மண்ணை உடனே அள்ளிப் பாண்டில் போடுங்கள். உதிரி மண் ஒரு சிட்டிகை கிடந்தாலும் அடியில் இருக்கும் நிறமாற்றத்தை மறைத்துவிடும்.

ஈரமான மண்ணில் பிரஷ் போடாதீர்கள். ஒரு மண்ணின் நிறத்தை இன்னொன்றின் மேல் தேய்த்துப் பரப்பி, இருக்கிற கோட்டையும் அழித்துவிடும். மண் நன்றாகக் காய்ந்திருந்தால் கல் கட்டுமானங்களைச் சுத்தம் செய்யப் பிரஷ் உதவும். எல்லாம் ஒரே சாம்பல் நிறமாக வெளுத்துக் கிடக்கிறதா? தெளிப்பானால் லேசாகத் தண்ணீர் அடித்துச் சில நிமிடம் பொறுங்கள். களிமண் கலந்த பகுதி ஈரத்தைப் பிடித்துவைக்கும், மணற்பாங்கான பகுதி சீக்கிரம் காயும். அந்த நேரத்தில் மேலே ஏறி நின்று பார்த்தால், அருகில் தெரியாத வட்டம் தெரியும். காலையிலும் மாலையிலும் சாய்வெயிலில் பார்ப்பது இன்னும் நல்லது.

கண் மட்டும் போதாது, காதும் விரலும் வேண்டும். கெட்டியாக மிதிபட்ட தளத்தில் கரண்டி இழுபடும் ஓசை வேறு, குப்பை நிரம்பிய குழியின் மேல் வேறு. ஒரு முறை என் குழியில் ஓய்வு பெற்ற தையல்காரர் ஒருவர் இருந்தார். மற்றவர்கள் நிறத்தை வைத்துத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது அவர் மண்ணை விரல் நுனியால் தடவிக்கொண்டே போய், ஒரு இடத்தில் நிறுத்தி, “இங்க பொலபொலன்னு இருக்கு மேடம், அந்தப் பக்கம் கெட்டியா இருக்கு” என்றார். அவர் விரல் நின்ற இடத்தில்தான் விளிம்பு இருந்தது. மறுநாள் காலை ஈரத்தில் கண்ணுக்கும் தெரிந்தது, கம்பம் நட்ட குழி ஒன்றின் வாய்.

சில இடங்களில் விளிம்பு தெரிந்ததும் கரண்டி நுனியால் அதைச் சுற்றிக் கோடு போடச் சொல்வார்கள். நான் உடனே போட விடமாட்டேன். கோடு போட்டுவிட்டால் கண் அந்தக் கோட்டை நம்பத் தொடங்கிவிடும், மண்ணைப் பார்க்காது. இரண்டு தடவை சுத்தம் செய்து, இரண்டு தடவையும் அதே இடத்தில் வந்தால் அப்புறம் போடுங்கள்.

பழங்காலக் குழி ஒன்றைத் தோண்டும் விதம்

சுற்றிலும் மஞ்சள் கலந்த பழுப்பு மண், நடுவே கை நீள அகலத்தில் கறுப்பு வட்டம் என்று வைத்துக்கொள்வோம். முன்னொரு காலத்தில் யாரோ வெட்டி, பின்னால் குப்பையால் நிரப்பிய குழி. இதை அப்படியே வழித்தெடுக்கக் கூடாது. நடுவில் நூல் கட்டி, ஒரு பாதியை மட்டும் தோண்ட வேண்டும். கறுப்பு மண் முடிந்து கெட்டி மண் வரும் இடத்தில் நிறுத்த வேண்டும். இப்போது மீதிப் பாதியின் முகம் செங்குத்தாக நிற்கும். அதில் அடியில் சாம்பல், மேலே பானை ஓடுகள், அதற்கு மேல் சரிந்து விழுந்த மண் என்று குழி நிரம்பிய வரிசை தெரியும். அதைப் படம் எடுத்து, வரைந்து, ஒவ்வொரு நிரப்பு மண்ணுக்கும் தனி எண் கொடுத்த பிறகுதான் மறுபாதி. குழியை வெட்டிய செயலுக்கும் ஒரு தனி எண் உண்டு. அங்கே கையில் எடுக்க எதுவும் இல்லை, ஆனால் ஒரு மனிதர் ஒரு நாள் செய்த வேலை இருக்கிறது.

இதில் ஏன் இவ்வளவு கெடுபிடி? ஒரு பழைய வீட்டுத் தளத்தை, அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்து வந்தவர்கள் துளைத்துக் குழி வெட்டினார்கள் என்று வையுங்கள். அந்தக் குழியில் அவர்கள் காலத்துக் காசு ஒன்று விழுந்தது. குழியின் விளிம்பை நீங்கள் கவனிக்காமல் எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் தோண்டிக்கொண்டு போனால், அந்தக் காசு பழைய தளத்தின் பைக்குள் போய்விடும். ஒரு அடுக்கில் கிடைக்கும் பொருள்களில் மிகப் பிந்தியது எதுவோ, அதற்கு முன்னால் அந்த அடுக்கு உருவாகியிருக்க முடியாது என்பது இந்தத் துறையின் அடிப்படைக் கணக்கு. ஆக, ஒரு காசு தவறான பையில் போனால் அந்த வீட்டின் காலமே மாறிவிடும்.

இதே கணக்கு சரியாக வந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு 1945-ல் வீலர் நடத்திய அரிக்கமேடு அகழாய்வைச் சொல்லலாம். இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்தின் பெயரில் வழங்கும் அரெட்டைன் வகைப் பானை ஓடுகள் அங்கே கிடைத்தன. ரோமானிய உலகில் அவை செய்யப்பட்ட காலம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. அவற்றோடு அதே அடுக்குகளில் கிடந்த உள்ளூர்ப் பானை ஓடுகளுக்கும் அதை வைத்துக் காலம் சொல்ல முடிந்தது. தென்னிந்தியாவின் மற்ற இடங்களில் அதே வகை ஓடு கிடைத்தால் ஒப்பிட ஓர் அளவுகோல் உண்டானது. பிற்கால ஆய்வுகள் சில காலக்கணிப்புகளைத் திருத்தியிருக்கின்றன. எந்த ஓடு எந்த அடுக்கில் கிடந்தது என்ற பதிவு இருந்ததால்தான் அந்தத் திருத்தமும் சாத்தியமானது.

எந்த அடுக்கு எதற்கு மேல், எந்தக் குழி எதை வெட்டியது என்பதைப் பெட்டிகளும் கோடுகளுமாக வரையும் முறையை 1973-ல் எட்வர்ட் ஹாரிஸ் வகுத்தார். ஹாரிஸ் மேட்ரிக்ஸ் என்பார்கள். பார்த்தால் மிரட்டும். ஒவ்வொரு நாளும் மாலை உங்கள் எண்களை மட்டும் அதில் சேர்த்துக்கொண்டு வந்தால் பயம் போய்விடும். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு எண்களில் எது மேல், எது கீழ் என்று சொல்ல முடியவில்லை என்றால், பெரும்பாலும் எங்கோ ஒரு விளிம்பைச் சரியாகப் பார்க்கவில்லை என்று பொருள். மண் இன்னும் அங்கேயே இருக்கும்போது அது தெரிவது பெரிய உதவி.

பொருள் கிடைத்தால்

கையை எடுங்கள். இழுக்காதீர்கள், நெம்பாதீர்கள். பாதி வெளியே தெரியும் பொருளின் மறுபாதி எந்த மண்ணுக்குள் போகிறது என்று பார்க்க வேண்டும். மேற்பார்வையாளரைக் கூப்பிடுங்கள். தேவைப்பட்டால் இருப்பிடத்தையும் ஆழத்தையும் அளந்து, படம் எடுத்த பிறகே அசைக்க வேண்டும்.

பார்த்ததும் ‘இது ஒன்றுமில்லை’ என்று தூக்கிப் போடாதீர்கள். விண்டொலாண்டாவில் 1973-ல் காற்றுப் புகாத ஈர மண்ணில் கிடைத்தவை, பார்வைக்கு மரச் சீவல்கள். ஒட்டிக்கொண்டிருந்த இரண்டைப் பிரித்தபோது உள்ளே மையால் எழுதிய எழுத்து இருந்தது. வெளிக்காற்று பட்டதும் எழுத்து மங்கிவிட்டது, அகச்சிவப்பு ஒளிப்படத்தில்தான் திரும்பத் தெரிந்தது. அங்கே தங்கியிருந்த ரோமானியப் படையினரின் கடிதங்களும் கணக்குகளும் இன்று நமக்குக் கிடைத்திருப்பது, யாரோ அந்தச் சீவலை மண் குவியலில் எறியாமல் இருந்ததால்.

பைக்குச் சீட்டு எழுதுவதில் நான் கண்டிப்பு. அகழாய்வின் குறியீடு, குழி எண், அடுக்கு எண், தேதி, உங்கள் பெயரின் முதலெழுத்துகள். பையின் மேல் ஒன்று, உள்ளே ஒரு சீட்டு. மேலே எழுதியது அழிந்துபோனாலும் உள்ளே இருக்கும். அடுக்கு மாறியதும் கையில் இருக்கும் பையை மூடிவிட்டுப் புதியது எடுங்கள். ‘அப்புறம் பிரித்துக்கொள்ளலாம்’ என்பது இங்கே நடக்காது.

கரித்துண்டை வெறும் கையால் தொடாமல், சுத்தமான கரண்டியால் எடுத்து அலுமினியத் தாளில் வையுங்கள், பஞ்சும் காகிதமும் வேண்டாம். கார்பன் 14 கணிப்பில் உயிர் நின்ற பிறகு மிஞ்சும் கதிரியக்கக் கார்பனை அளக்கிறார்கள். அதன் அரை ஆயுள் 5,730 ஆண்டுகள், சுமார் 50,000 ஆண்டுகள்வரை பின்னால் போகலாம். இன்றைய காகித இழை ஒன்று ஒட்டினாலும் கணக்கில் கலந்துவிடும். மணல் கடைசியாக வெயில் பார்த்த காலத்தைக் கணிக்கும் ஒளிர்வு முறைக்கு வெளிச்சமே ஆகாது. குழாயை வெட்டுமுகத்தில் அடித்து, இருட்டாகவே மூடி எடுப்பார்கள். அதைத் திறந்து பார்க்க ஆசைப்படாதீர்கள். உலோகத்தைக் கழுவவே கூடாது. பானை ஓடுகளைக் கழுவலாமா என்பதையும் கேட்ட பிறகே கழுவுங்கள், ஏனென்றால் உட்பக்கத்தில் ஊறிய கொழுப்பைக்கூட ஆய்வகத்தில் பார்க்கிறார்கள். கழுவச் சொன்னால் மென்மையான பிரஷ், உடைந்த ஓரங்களை நன்றாக, முகத்தை மெதுவாக. ஒரு தட்டில் ஒரு அடுக்கின் ஓடுகள் மட்டும், நிழலில் உலர வையுங்கள்.

மனித எலும்பாக இருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே வேலையை நிறுத்திவிட வேண்டும். படம் எடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அது ஒருவருடைய உடம்பு. அந்த ஊர்க்காரர்களுக்கு அது யாரோ ஒரு முன்னோராகவும் இருக்கலாம். பொதுவாகவே, நல்ல பொருள் கிடைத்த அன்றைக்கு இடத்தைக் காட்டி இணையத்தில் படம் போடுவது இரவில் திருடர்களை வரவழைக்கும் வேலை.

மண்ணைச் சலிப்பதை யாரும் விரும்புவதில்லை, ஆனால் பாசிமணி, மீன் முள், சின்னக் காசு எல்லாம் அங்கேதான் கிடைக்கும். 5 மில்லிமீட்டர் சல்லடையில் தப்புவது நிறைய. அடுப்புச் சாம்பல் மண்ணைத் தண்ணீரில் கரைத்தால் கருகிய விதைகள் மிதந்து மேலே வரும், அவற்றை நுண் சல்லடையில் பிடிப்பார்கள். என்ன விளைந்தது, என்ன சமைத்தார்கள் என்பதற்கு அந்த விதைகளே சாட்சி.

எழுதுவது

பதிவுத்தாளில் ‘கறுப்பு மண், ஓடுகள் உண்டு’ என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். நிறத்தை ஈரமாக இருக்கும்போது மன்செல் நிற அட்டையோடு (மண் நிறங்களைக் குறியீட்டோடு வரிசைப்படுத்திய அட்டை) ஒப்பிட்டு எழுதுங்கள். மண்ணின் தன்மைக்கு விரல்தான் கருவி. ஒரு உருண்டை மண்ணை நனைத்துக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேயுங்கள். நறநறவென்றால் மணல். மாவு போல வழுக்கினால் வண்டல். ஒட்டிக்கொண்டு, நாடாவாக நீட்டினாலும் அறுந்துபோகாமல் வந்தால் களிமண். கலந்து என்ன இருக்கிறது, கரி எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு, எவ்வளவு கெட்டி, எல்லை கூர்மையா மங்கலா, எல்லாம் வேண்டும். பார்த்ததை ஒரு பகுதியிலும், நீங்கள் நினைப்பதை இன்னொரு பகுதியிலும் எழுதுங்கள். ‘அடுப்பு’ என்பது உங்கள் முடிவு. ‘சிவந்து சுட்ட களிமண் வளையம், உள்ளே சாம்பல்’ என்பது பார்த்தது. பத்து ஆண்டு கழித்து வருபவர் உங்கள் முடிவோடு மாறுபடலாம், பார்த்ததை நீங்கள் எழுதிவைத்தால்தான் அவரால் அது முடியும்.

வெட்டுமுகம் வரையும்போது நூலை ரசமட்டம் வைத்துக் கிடைமட்டமாகக் கட்டி, அதிலிருந்து மேலும் கீழும் அளந்து புள்ளி வையுங்கள். வழக்கமான அளவு விகிதம் வெட்டுமுகத்துக்கு 1:10, மேலிருந்து பார்த்து வரையும் தரைப்படத்துக்கு 1:20. வரையும்போதுதான் இதுவரை பார்க்காத விளிம்பெல்லாம் கண்ணில் படும், அதனால் கேமரா இருக்கும்போது வரைவது எதற்கு என்று கேட்காதீர்கள். படம் எடுக்கும்போது அளவுகோல், வடக்கு அம்பு, எண் பலகை வையுங்கள். திட்டுத்திட்டான வெயில் விழுந்தால் தார்ப்பாய் பிடித்து முழுக்க நிழலாக்கிவிடுங்கள்.

குழி ஆழமானால்

ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை வரும். இடுப்பளவு குழியிலும் சுவர் சரிந்தால் குனிந்திருப்பவர் தப்புவது கடினம். தோண்டிய மண்ணைக் குழியின் ஓரத்தில் குவிக்காதீர்கள், ஓரத்தில் நின்று எட்டிப் பார்க்காதீர்கள், தனியாக இறங்காதீர்கள். மழை பெய்து ஓய்ந்த பிறகு சுவரில் விரிசல் இருக்கிறதா என்று மேற்பார்வையாளர் பார்த்துச் சொல்லும்வரை காத்திருங்கள்.

மனித நடமாட்டத்தின் சுவடே இல்லாத கன்னிமண் வந்ததும் குழி முடிந்தது. அதை உறுதி செய்ய ஒரு மூலையில் இன்னும் கொஞ்சம் ஆழமாக வெட்டிப் பார்ப்பார்கள். பிறகு துணி விரித்து, மண் போட்டு மூடுவார்கள். மூடும் வேலைக்கும் இருங்கள். அதற்கு முந்தைய நாள் உட்கார்ந்து, உங்கள் எண்கள் அத்தனைக்கும் பதிவுத்தாள் இருக்கிறதா, ஒவ்வொரு தாளுக்கும் வரைபடமும் படமும் இருக்கிறதா, பை எண்கள் பதிவேட்டோடு ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொன்றாக டிக் செய்யுங்கள். ஏதாவது விட்டுப்போயிருந்தால் குழி திறந்திருக்கும் அந்த ஒரு நாளில்தான் திரும்பப் போய்ப் பார்க்க முடியும்.